ஐந்தாவது பிட்சர் யார்?

மெசா, அரிசோனா
மார்ச் 2026

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் எல்லாரும் நலம். பாப்பா புதுப் பள்ளிக்குப் பழகிவிட்டாள். சனிக்கிழமை ஆனால் எங்கே கிளம்பிவிடுகிறீர்கள் என்று போனில் கேட்டீர்கள். பேஸ்பால் பயிற்சி பார்க்கத்தான். காலேஜ் அணிக்கு பவுலர்களைத் தேர்வு செய்தவர் நீங்கள். இங்கே நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் நீங்களும் பக்கத்தில் இருக்கக் கூடாதா என்று தோன்றுகிறது.

இந்த நாட்டின் பெரிய லீக்கில் 30 அணிகள். பாதி அணிகள் ஃபுளோரிடாவுக்குப் போக, மீதி 15 அணிகள் பிப்ரவரி நடுவிலேயே எங்கள் ஃபீனிக்ஸ் வட்டாரத்துக்குப் பயிற்சிக்கு வந்துவிடும். சிகாகோ கப்ஸ் அணி எங்கள் மெசாவுக்கே வருகிறது. முதலில் வந்து சேர்பவர்கள் பந்து எறியும் பிட்சர்களும் அதைப் பிடிக்கும் கேட்சர்களும்தான். பந்து எறியும் தோள் தயாராக நாளாகும் அல்லவா? இங்கே ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்; முதல் ஆட்டத்தில் ஒன்றிரண்டு இன்னிங்ஸ், அப்புறம் மூன்று என்று கூட்டிக்கொண்டே போய், மார்ச் கடைசியில் எண்பது தொண்ணூறு பந்து எறியும் அளவுக்கு வருவார்கள்.

ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சரை ஸ்டார்ட்டர் என்பார்கள். நம் கிரிக்கெட்டில் பவுலரை நிறுத்திவிட்டு மறுபடி கூப்பிடலாம். இங்கே வெளியே எடுத்துவிட்டால் அன்றைக்கு அவர் திரும்பி வர முடியாது. எறிந்தவருக்குக் குறைந்தது நான்கு நாள் ஓய்வு வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு அணியும் ஐந்து ஸ்டார்ட்டர்களைச் சுழற்சியில் வைக்கிறது. சீசனில் 162 ஆட்டம். ஆளுக்கு முப்பதுக்கு மேல் வரும்.

முதல் மூன்று பேர் யாரென்று பெரும்பாலும் குளிர்காலத்திலேயே தெரிந்துவிடும். சண்டையெல்லாம் கடைசியான ஐந்தாவது இடத்துக்குத்தான். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

காலை வேளையில் பயிற்சி மைதானத்து வேலியோரம் நின்று பார்க்கலாம். அங்கே ஒரு பையனை நான் தொடர்ந்து கவனிக்கிறேன். முதுகில் பெரிய நம்பர்; இடம் உறுதியாகாதவர்களுக்குத்தான் அநேகமாக அப்படிக் கொடுப்பார்கள். பந்தை உள்ளங்கையில் ஆழமாகப் பதித்துப் பிடித்து சேஞ்ச்அப் எறிகிறான். கை வருகிற வேகம் ஃபாஸ்ட்பாலுக்கு வருகிற அதே வேகம்தான், ஆனால் பந்து தாமதித்து வந்து பேட்டருக்கு முன்னால் சட்டென்று இறங்குகிறது. போன வாரம் ஒரு பேட்டர் பந்து வருவதற்குள் மட்டையைச் சுழற்றி முடித்து, ஒரு முழங்கால் மண்ணில் பட நின்றார். அப்பா, அற்புதமான பந்து அது!

அவனோடு போட்டியில் இருப்பவருக்கு முப்பதைத் தாண்டிவிட்டது. வேகம் குறைந்துவிட்டாலும் பந்தை நினைத்த இடத்தில் போடுகிறார். எறிவதை மட்டும் வைத்துக் கேட்டால் நான் பையனைத்தான் சொல்வேன். ஆனால் லீக்கின் விதிமுறை வேறு கணக்குப் போடுகிறது. பையனுக்கு 'ஆப்ஷன்' பாக்கி இருக்கிறது. அதாவது, அவனை அணி இழக்காமலே, பெரிய லீக்குக்கு ஒரு படி கீழே உள்ள ட்ரிபிள் ஏ-வுக்கு அனுப்பி, தேவைப்படும்போது கூப்பிட்டுக்கொள்ளலாம். பெரியவருக்கு அது தீர்ந்துவிட்டது. அவரை அனுப்ப வேண்டுமானால் மற்ற 29 அணிகளுக்கும் முதலில் வாய்ப்புத் தர வேண்டும். யாராவது ஒருவர் எடுத்துக்கொண்டால் போனது போனதுதான். பெரியவரை வைத்துக்கொண்டு பையனைக் கீழே அனுப்பினால் கையில் இரண்டு பேர். பையனை வைத்தால் ஒருவர்தான் மிஞ்சலாம்.

இரண்டு பேர் ஏன் வேண்டும் என்றால், முழங்கை. 1974-ல் டாமி ஜான் என்ற இடது கை பிட்சருக்கு முழங்கைத் தசைநார் அறுந்துபோனது. டாக்டர் ஃப்ராங்க் ஜோப் அவருடைய வலது கையிலிருந்து ஒரு நாரை எடுத்து வைத்துத் தைத்தார். ஜான் 1976-ல் திரும்பி வந்து 1989 வரை ஆடினார். அந்த அறுவைக்கு இன்றும் அவர் பெயர்தான். ஏப்ரலில் தொடங்கும் ஐந்து பேரும் செப்டம்பர் வரை நிற்பது அபூர்வம். ஆறாவது, ஏழாவது ஆளெல்லாம் கட்டாயம் ஆட வேண்டி வரும்.

அணியின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. மேலே இருந்தால் இந்த வருடம் குறைந்தபட்சச் சம்பளமே 7,80,000 டாலர். கீழே போனால் அதில் சிறு பங்குதான். நன்றாக எறிந்தவன் தள்ளி நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

இன்னொரு விஷயம். இங்கே பயிற்சி ஆட்டங்களில் ஒருவர் ரன் கொடுத்தால் உடனே மோசம் என்று சொல்லிவிடக் கூடாது. பாலைவனக் காற்று உலர்ந்தது. கர்வ்பால் வழக்கம்போல் வளையாது. அதோடு, சிலர் புதிய பந்து ஒன்றைப் பழகிப் பார்ப்பதற்காகவே அடி வாங்கிக்கொள்வார்கள். அதனால் தேர்வாளர்கள் ஸ்கோரைவிட எறியும் வேகத்தையும் பந்தின் சுழற்சியையும்தான் அதிகம் பார்க்கிறார்கள். நீங்களும் விக்கெட் கணக்கைப் பார்க்காமல் வலையில்தானே பவுலரைத் தேர்வு செய்வீர்கள்!

இந்த மாதக் கடைசியில் சீசனைத் தொடங்கும் 26 பேர் கொண்ட அணிப் பட்டியல் வந்துவிடும். வந்ததும் போன் செய்கிறேன். அதற்குள் நீங்கள் யோசித்து வையுங்கள்: உங்கள் கையில் இருந்தால் யாரை வைப்பீர்கள்? அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்