நொத்தாரிசும் நோட்டரியும்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மா எழுந்து நடமாடுகிறார் என்று படித்ததும் மனம் குளிர்ந்தது. இங்கே என் மகள் பார் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு கோர்ட்டுக்குப் போகத் தொடங்கிவிட்டாள்.

உன் மருமகள் தமிழ்நாட்டில் வாங்கும் மனையைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தாய்: "நோட்டரி முன்னால் கையெழுத்தாகிவிட்டது, இனிக் கவலையில்லை." அதைப் படித்துவிட்டுத்தான் உடனே பேனாவை எடுத்தேன்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் உனக்கு அப்படித்தான் தோன்றும். இலங்கையில் 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி கைமாற நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இருந்து உறுதி, அதாவது நாங்கள் பத்திரம் என்பதை, முடிக்க வேண்டும். பிறகு காணிப் பதிவகத்தில் பதிவது, அதே காணிக்கு வேறோர் உறுதி வந்தால் முன்னுரிமையைக் காக்கிறது. ஆனால் காணி கைமாறுவது அந்த உறுதியால்தான். ஆகவே நொத்தாரிசு என்றதுமே உறுதி முடித்துத் தருபவர் உன் நினைவுக்கு வருகிறார்.

இங்கே இந்தியாவில் நோட்டரியின் வேலை வேறு. 1952ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டப்படி அரசு நியமிக்கும் அவர், பெரும்பாலும் அனுபவமுள்ள வக்கீலாகவே இருப்பார். பிரமாணப் பத்திரத்துக்கு உறுதிமொழி வாங்குவார். நகல் அசலோடு ஒத்திருக்கிறது என்று சான்றளிப்பார். இன்னார் தம் முன் கையெழுத்திட்டார் என்று முத்திரை வைப்பார். விற்பவருக்கு அந்த மனை உண்மையில் சொந்தமா என்பதற்கு அந்த முத்திரை சாட்சி ஆகாது. நம் மக்களோ "நோட்டரி போட்டுவிட்டோம்" என்கிறார்கள். ஒரு மனிதரின் பதவிப் பெயர், தாளில் விழும் முத்திரைக்குப் பெயராகிவிட்டது. அந்தச் சிவப்பு முத்திரையை நம்பி முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும் என்பது என் எண்ணம்.

சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது: 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள மனையின் விற்பனை, பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரத்தால் மட்டுமே நடக்கும். அது சார்பதிவாளர் அலுவலகத்தில் நடக்க வேண்டியது. மருமகளின் கையில் இருப்பது வெறும் ஒப்பந்தமாக இருக்கலாம். மீதிப் பணத்தை இப்போது கொடுக்க வேண்டாம் என்று அவளிடம் சொல். மனை மீது பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று எடுத்தாளா, மூலப் பத்திரத்தைக் கண்ணால் பார்த்தாளா என்றும் கேள். அந்தத் தாள்களின் நகலை எனக்கு அனுப்பச் சொல். நானும் மகளும் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துவிட்டு எழுதுகிறோம்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் தோழி