டியூடர் காலத்து (16ம் நூற்றாண்டு இங்கிலாந்து) கதைய எடுக்கறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

சீரியலோ படமோ, முதலாம் எலிசபெத் ராணி கதைய எடுக்கற எல்லாருக்கும் வணக்கங்க.

நீங்க எத்தன தடவ எடுத்தாலும் உக்காந்து பாக்கற ஆள் நான். ஆனா ராணியோட உளவு வேலைய நடத்துன ஃபிரான்சிஸ் வால்சிங்கம் வந்தாலே கறுப்பு அங்கி, இருட்டு மூலை, மொறைப்பு, அவ்வளவுதான். அந்த மனுஷன அதோட விட்டுடறீங்களேன்னு ரொம்ப நாளா மனசுல கெடக்கு, அதான் எழுதறேன்.

1572 ஆகஸ்ட் 24ல இருந்து ஆரம்பிங்க. அப்ப அவர் பாரிஸ்ல இங்கிலாந்து தூதர், அங்க கத்தோலிக்கக் கும்பல் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவங்கள தெருத்தெருவா வெட்டிக் கொன்ன நேரம், உயிருக்கு பயந்து ஓடி வந்தவங்க அவர் வீட்டுலதான் ஒளிஞ்சாங்க, அதுல ஒருத்தர் பின்னாடி அவருக்கு மருமகனா வந்த ஃபிலிப் சிட்னி. மனைவி உர்சுலா அப்ப மாசமா இருந்தாங்க, நாலு வயசு பொண்ண கூட்டிக்கிட்டு இங்கிலாந்துக்கு தப்பிச்சுப் போனாங்க. இத பாத்த ஒருத்தர் அடுத்த வருஷம் டிசம்பர்ல ராணியோட செயலாளர் ஆகறார்னா அவர் எத நெனச்சு தூங்காம இருந்தார்னு காட்ட வேணாமா?

அடுத்து அந்த பீர் பீப்பாய். 1586ல சார்ட்லி கோட்டைல காவல்ல இருந்த, எலிசபெத்தோட சிம்மாசனத்துக்குப் போட்டியா இருந்த ஸ்காட்லாந்து முன்னாள் ராணி மேரிக்கு ரகசிய கடுதாசி போனதும் வந்ததும் அதுலதான். அந்த கடுதாசிய கொண்டு வந்து குடுத்த கில்பர்ட் கிஃபோர்டே வால்சிங்கம் ஆளு, இது மேரிக்குத் தெரியாது. அந்த சங்கேத எழுத்த உடைச்சவர் தாமஸ் ஃபெலிப்ஸ், பிரிச்ச முத்திரைய தடம் தெரியாம திரும்ப ஒட்டுனவர் ஆர்தர் கிரிகரி. நீங்க எல்லாத்தையும் வால்சிங்கம் ஒருத்தரே ஜன்னலோரம் நின்னு யோசிச்சு கண்டுபிடிச்ச மாதிரி எடுக்கறீங்க, மெழுகுவத்தி வெளிச்சத்துல கண்ணு நோக உக்காந்த அந்த ஃபெலிப்ஸுக்கு ஒரு சீனாவது குடுங்க. எலிசபெத்த கொல்ல சதி பண்ண பேபிங்டனுக்கு மேரி எழுதுன பதில நகல் எடுத்தப்ப அது மேல தூக்குமரம் வரைஞ்சவர் அவர்.

அதுக்காக வால்சிங்கத்த நல்லவரா மட்டும் காட்டுங்கன்னு சொல்லல. ராணிய கொல்லப் போற ஆறு பேர் யாருன்னு கேட்டு மேரி கடுதாசில ஒரு பின்குறிப்ப வால்சிங்கம் ஆளுங்களே போலியா சேத்தாங்க, அத மறைக்காதீங்க. 1583ல, எலிசபெத்த கவுத்து மேரிய ராணியாக்க சதி பண்ண த்ராக்மார்ட்டன கைய கால கட்டி இழுக்கற மேடைல போட்டு உண்மைய வரவச்சாங்க, அதையும் காட்டுங்க. எனக்கு அவர புடிக்கும், ஆனா அந்த எடத்துல எனக்கே மனசு ஒப்பல.

முக்கியமா முடிவ எடுங்க. பெரும்பாலும் மேரி தலைய வெட்டுனதோட, இல்லன்னா 1588ல ஸ்பெயின் கப்பற்படை தோத்ததோட இவர் காணாமப் போயிடறார். 1590 ஏப்ரல் 6ல செத்தப்ப அவருக்கு ஏகப்பட்ட கடன், போர்ல செத்த மருமகன் சிட்னியோட கடனும் அவர் தலைலதான் விழுந்துச்சு. ஆடம்பரமா எதுவும் வேணாம்னு உயில்லயே எழுதி வச்சுட்டார். மறுநாள் ராத்திரி பழைய செயின்ட் பால்ஸ் தேவாலயத்துல சிட்னி பக்கத்துல சத்தமில்லாம பொதச்சாங்க, அந்தக் கல்லறையும் 1666 லண்டன் தீயில போயிடுச்சு. அந்த ராத்திரி சீன யாராவது ஒருத்தர் எடுங்க, பின்னணி இசை கூட வேணாம்.