கயலுக்கு ஒரு கடிதம்: 5,040 காரணிகள் கொண்ட எண்

அன்புள்ள கயல்,

2024 அக்டோபரில் கண்டுபிடித்த அந்தப் பகா எண்ணைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். 4 கோடியே 10 இலட்சத்துக்கும் மேல் இலக்கங்கள், ஆனால் காரணிகள் இரண்டே இரண்டு. பிரமாதம்தான். எனக்குப் பிடித்த எண்ணோ அதற்கு நேர் எதிர்க் குணம் கொண்டது. 12 இலக்கம்தான்: 293318625600. வாய்விட்டுச் சொன்னால் 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600.

இதை 1 முதல் 22 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி வராது. 23-க்குப் போனால்தான் முதல் தடவையாக மீதி வரும். மொத்தக் காரணிகள் 5,040. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. இப்படிப்பட்டவைதான் உயர் பகு எண்கள். உனக்குப் பழக்கமான 12, 24, 60, 360 எல்லாமே இந்த வகைதான்.

உடைத்துப் பார்: 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்கு: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2. 5,040 வந்துவிடும். அடுக்குகள் எங்கேயும் ஏறவில்லை, கவனித்தாயா? ஏறவும் கூடாது. 2-இன் அடுக்கையும் 3-இன் அடுக்கையும் இடம் மாற்றிப் போட்டால் காரணிகளின் எண்ணிக்கை அப்படியே இருக்கும், எண் மட்டும் பெருத்துவிடும். சரி, 19-ஐ எடுத்துவிட்டு 18-ஆல் பெருக்கினால் எண் சிறிதாகுமே என்று கேட்பாய். சிறிதாகும்தான். ஆனால் காரணிகள் 4,032 ஆகக் குறைந்துவிடும். இந்த இழுபறியை ரசித்துக்கொண்டே ஒரு மாலைப்பொழுதைப் போக்கலாம்.

இந்த எண்களை ஆழமாக ஆராய்ந்தவர் இராமானுஜன். கேம்பிரிட்ஜில் இருந்தபோது 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் நீண்ட கட்டுரையாக வெளியிட்டார். இங்கே பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்விலேயே தேறாத அவருக்கு 1916-இல் பட்டம் வாங்கித் தந்தது இந்த ஆய்வுதான். உயர் பகு எண்ணின் கடைசிப் பகாக் காரணிக்கு அடுக்கு 1-ஆகத்தான் இருக்கும், 4-உம் 36-உம் மட்டுமே விதிவிலக்கு என்று அதில் நிறுவினார். கட்டுரையின் மீதிப் பகுதி, போர்க்காலப் பணமுடையால் அச்சேறாமல் 1997 வரை காத்திருந்தது. எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

கணினி இல்லாத காலத்தில் அவர் நூற்றுக்கும் மேற்பட்ட உயர் பகு எண்களைக் கணக்கிட்டு, 6746328388800 வரை பட்டியல் போட்டார். அதில் ஓர் எண் விடுபட்டுப்போனது. அதுதான் நான் மேலே சொன்ன 293318625600. அவ்வளவு பெரிய வேலையில் இது ஒரு குறையாகவே எனக்குத் தோன்றவில்லை. சொல்லப்போனால், அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றை அவர் எப்படிச் சரியாகப் பிடித்தார் என்பதுதான் மலைப்பாக இருக்கிறது.

அப்புறம் ஒன்று செய். பட்டியலின் அந்தக் கடைசி எண்ணை 23-ஆல் வகு. கையாலேயே வகு. விடையாக வருவது அந்த விடுபட்ட எண்தான்! 23 சேர்ந்ததும் காரணிகள் இரட்டித்து 10,080 ஆகின்றன, 1 முதல் 28 வரை எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடுகிறது. 24-இலிருந்து 28 வரை புதிதாக எதையும் சேர்க்காமலே எப்படி வகுபடுகிறது என்று கண்டுபிடித்து எனக்கு எழுது.

அன்புடன்,
அத்தை