யெரெவானிலிருந்து வசந்திக்கு

யெரெவான்,
மே மாதக் கடைசி

அன்புள்ள வசந்தி,

உன் கடிதத்துக்கு இரண்டு வரியில் பதில் எழுதிவிட மனம் வரவில்லை. தாமதத்துக்கு அதுதான் காரணம். நாங்கள் இருவரும் நலம். பெரியப்பாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததாகச் சுந்தரி எழுதியிருந்தாள், நிம்மதியாக இருந்தது. நார்த்தங்காய் பத்திரமாக வந்து சேர்ந்தது, அதைப் பூட்டித்தான் வைத்திருக்கிறேன். உன் டிரங்குப் பெட்டியை அந்தக் காலத்தில் யார் திறந்தது என்று நீ இன்னும் கேட்டுக்கொண்டிருப்பதால், சுந்தரியிடமே கேள் என்பதோடு அந்த வழக்கை முடித்துக்கொள்கிறேன்.

இனி உன் மகள் விஷயம். ஆர்மீனியாவின் தலைநகரான இந்த ஊரின் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இடம் கிடைத்ததில் நீ பூரித்துப் போயிருப்பாய் என்று நினைத்துப் பிரித்தால், கடிதம் முழுக்கக் கவலைதான் இருக்கிறது. சேர்க்கை முகவர் 'நள்ளிரவிலும் பெண்கள் தனியாக நடமாடும் ஊர்' என்று சொல்ல, உன் மைத்துனர் 'தெருவுக்குத் தெரு மதுக்கடை இருக்கும் ஊருக்கா பெண்ணை அனுப்புவது' என்று கேட்க, இருவரில் யார் சொல்வது சரி என்று என்னைக் கேட்டிருக்கிறாய். இருவர் சொல்வதும் உண்மைதான், வசந்தி. ஆனால் இருவரும் தெருவைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். எனக்கு இந்த ஊரில் கவலை தருவது வேறு.

முதலில் தெருவைச் சொல்லிவிடுகிறேன். கோடை இரவில் குடியரசுச் சதுக்கத்தின் இசை நீரூற்றைச் சுற்றிப் பத்து மணிக்கு மேலும் கைக்குழந்தைக்காரிகளும் பாட்டிகளும் கூட்டமாக நிற்பார்கள். ஓபரா அரங்கைச் சுற்றியுள்ள காப்பிக் கடைகளிலும், காஸ்கேடு படிக்கட்டுகளிலும், வடக்கு அவென்யூவிலும் இளம்பெண்கள் இருவர் மூவராகச் சிரித்துப் பேசிக்கொண்டு நடப்பதை நள்ளிரவுக்குப் பிறகும் பார்க்கலாம். சர்யான் தெரு முழுக்க ஒயின் கடைகள். ஒயின் திருவிழா வந்தால் அங்கே வண்டிகளையே நிறுத்திவிடுகிறார்கள். 2022இல் உக்ரைன் போர் தொடங்கியபின் ரஷ்யாவிலிருந்து வந்து சேர்ந்த இளைஞர் கூட்டம் இந்த இரவு வாழ்க்கையை இன்னும் பெரிதாக்கிவிட்டது. நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் இரவு எட்டு மணிக்கு நாம் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற மாதிரி நான் இங்கே ஒரு நாளும் நின்றதில்லை. தொல்லையே இல்லை என்று சொல்லமாட்டேன். நம் நிறத்தைக் கண்டு வெறித்துப் பார்ப்பவர்கள் உண்டு, திருமணமாகிவிட்டதா என்று ஏறியதும் கேட்கும் டாக்சி ஓட்டுநர்கள் உண்டு. அதை உன் மகளிடம் முன்கூட்டியே சொல்லிவை.

அடக்கம் என்பதை இவர்கள் அளக்கும் கோல் நம்முடையது போல இல்லை. நம் ஊரில் உடையைத்தான் முதலில் பார்ப்போம். இங்கே குட்டைப் பாவாடையும் உயர்ந்த குதிகால் செருப்பும் உதட்டுச் சாயமும் பாட்டிமாருக்குக்கூடப் பெருமைதான். பெண்கள் அழகாக உடுத்த வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அவள் எந்த நேரத்தில், யாரோடு, எதற்காக வெளியே போனாள் என்பதில்தான் மானம் இருக்கிறது. எங்கள் வீடு சோவியத் காலத்து அடுக்குமாடிக் கட்டடத்தில் இருக்கிறது. கட்டடங்கள் சூழ நடுவில் ஒரு முற்றம், அங்கே பெஞ்சுகள். கிழவர்கள் நர்தி என்ற பகடையாட்டம் ஆடுவார்கள், பெண்கள் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள், வேலையற்ற இளைஞர்கள் கறுப்புச் சட்டையோடு குந்தியிருப்பார்கள். முற்றத்துப் பெண்கள் அனைவருக்கும் தாங்களே அண்ணன்மார் என்பது அந்த இளைஞர்களின் எண்ணம். ஊர் பத்திரமாக இருப்பதற்கு இந்தக் கண்கள்தான் காரணம் என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஒரு முறை குடிகாரன் ஒருவன் என்னைப் பின்தொடர்ந்து வந்தபோது எழுந்து வந்து விரட்டியவர்கள் அந்த இளைஞர்கள்தாம், அந்த நன்றி எனக்கு என்றும் இருக்கும். ஆனால் காவலுக்கு நிற்கும் அதே கண்கள்தான் கணக்கும் எழுதுகின்றன.

சென்ற மாதம் எங்கள் வீட்டுக்காரப் பாட்டியின் பேத்திக்குத் திருமணம் நடந்தது. மென்பொருள் நிறுவனத்தில் நல்ல வேலையில் இருப்பவள். வேலை முடிந்து நண்பர்களோடு உட்கார்ந்துவிட்டு ஒரு மணிக்கும் வருவாள். பாட்டி பால்கனியில் விழித்தபடி நிற்பார். பேத்தி பத்திரமாக வருவாளா என்ற பயம் அவருக்கு இருந்ததே இல்லை. அவள் எந்தக் காரிலிருந்து இறங்குகிறாள் என்பதைக் கீழே பெஞ்சில் இருப்பவர்கள் பார்த்துவிடுவார்களே என்பதுதான் பயம்.

இங்கே சிவப்பு ஆப்பிள் என்று ஒரு சடங்கு உண்டு. முதலிரவு கழிந்ததும் மணமகனின் தாயும் உறவுப் பெண்களும் கூடையில் சிவப்பு ஆப்பிள்களும் இனிப்பும் கோன்யாக் என்ற பிராந்திப் புட்டியும் எடுத்துக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார்கள். மணமகள் கன்னியாகவே வந்தாள் என்று இரண்டு குடும்பங்களுக்கும் ஊருக்கும் அறிவிக்கும் சடங்கு அது. ஆப்பிள் வராத வீட்டின் நிலையை உனக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. யெரெவானில் பலர் இதை விட்டுவிட்டார்கள். சிலர் அர்த்தம் பார்க்காமல் வெறும் சம்பிரதாயமாகச் செய்கிறார்கள். கிராமங்களில் இன்னும் அழுத்தமாகவே இருக்கிறது. இந்தப் பெண்ணும் மாப்பிள்ளையும் வேண்டவே வேண்டாம் என்று முன்பே பேசி முடித்திருந்தார்கள். ஆனால் மாப்பிள்ளையின் தாய் யாரையும் கேட்காமல் கூடையோடு வந்துவிட்டார். பாட்டி ஆனந்தக் கண்ணீர் விட்டு, அந்த ஆப்பிள்களைக் கண்ணாடிக் கிண்ணத்தில் அடுக்கி, கூடத்து மேசை மேல் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தார். மறுவாரம் வந்த பேத்தி அதைப் பார்த்தாள், ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பிப் போய்விட்டாள். இன்றுவரை பாட்டியோடு பேசவில்லை. 'என் பேத்தியின் மானத்தைக் கொண்டாடியதில் என்ன தவறு' என்று பாட்டி என்னிடம் கேட்டு அழுகிறார். மாமியாரின் செயலில் கெட்ட எண்ணம் இல்லை என்பதும், பேத்தியின் கோபம் முற்றிலும் நியாயம் என்பதும் எனக்கு ஒரே சமயத்தில் தெரிகிறது.

அன்று அவரைத் தேற்றுவதற்காகப் பழைய கதைகளைக் கேட்டேன். 1988 நிலநடுக்கத்துக்குப் பின் மெட்சமோர் அணுமின் நிலையத்தை மூடினார்கள். அதன்பின் அண்டை நாடான அசர்பைஜானோடு போரும் எல்லை முற்றுகையும் சேர்ந்துகொள்ள, 1995இல் அது மறுபடி இயங்கும்வரை இந்த நகரம் குளிர்காலங்களில் நாளுக்கு ஓரிரு மணி நேர மின்சாரத்தில் வாழ்ந்தது. ரொட்டி பங்கீட்டு அட்டைக்குத்தான். அந்தக் கும்மிருட்டில் நள்ளிரவில் எழுந்து போய், உறைபனியில் விடியும்வரை ரொட்டி வரிசையில் நின்றதைப் பாட்டி பெருமையோடு சொல்வார். 'அப்போது உங்கள் மானத்தைப் பற்றி யாரும் பேசவில்லையா' என்று கேட்டேன். அவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு, 'அது குடும்பத்துக்காகப் போனது' என்றார்.

அந்தப் பதில் என்னை விடவே இல்லை, வசந்தி. இங்கே நடக்கும் எல்லா வாதங்களுக்கும் அடியில் அதுதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இரவு மோசமானது என்பதால் பெண்ணைத் தடுக்கிறார்கள் என்றால், ரொட்டி வரிசையிலும் தடுத்திருக்க வேண்டும். 2018 ஏப்ரலில் அரசுக்கு எதிராக மக்கள் எழுந்தபோது இந்த ஊர்ப் பெண்கள் குழந்தை வண்டிகளைச் சாலையின் குறுக்கே நிறுத்தினார்கள், இரவில் பால்கனியில் நின்று பாத்திரங்களைத் தட்டினார்கள், எல்லோரும் கொண்டாடினார்கள். புரட்சி வென்றபின், அதற்குத் தலைமை தாங்கிப் பிரதமரான பஷின்யான் அமைத்த முதல் அமைச்சரவையில் பெண்கள் இரண்டே பேர். பிறருக்காக இரவில் வெளியே வந்த பெண் வீராங்கனை. தன் மகிழ்ச்சிக்காக, ஒரு கோப்பை ஒயினுக்காக, நண்பரோடு பேசுவதற்காக வந்தவள் மட்டும் மானத்தைத் தெருவில் விட்டவள்.

வீட்டுக்குள் வரும் ஆபத்துக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. 2010இல் மாசிஸ் நகரில் இருபது வயது இளம் தாய் ஒருத்தி கணவன் அடித்ததில் இறந்தாள். அவள் எந்த மதுக்கடையிலும் இல்லை. எல்லா விதிகளின்படியும் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே, தன் வீட்டில், இருந்தாள். அந்த மரணத்துக்குப் பின்தான் பெண்கள் அமைப்புகள் ஒன்றுகூடிச் சட்டம் கேட்டுப் போராடின. சட்டம் வர 2017 டிசம்பர் ஆகிவிட்டது. இது குடும்பத்தை உடைக்கும், பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிடுங்கும் என்று அவ்வளவு எதிர்ப்பு. அதைத் தணிப்பதற்காகக் குடும்பத்தில் இணக்கத்தை மீட்பது என்பதையும் சட்டத்தின் தலைப்பிலேயே சேர்த்தார்கள். அடிபட்டவளிடம் இணக்கத்தைக் கேட்கும் சட்டம்! 2024இல்தான் திருத்தம் கொண்டுவந்து அதை நீக்கினார்கள். மணமாகாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்கும் பாதுகாப்பை விரித்தார்கள், பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதையும் குற்றமாக்கினார்கள். இதற்காக உழைத்த பெண்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன். ஆனால் பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான இஸ்தான்புல் ஒப்பந்தத்தில் 2018 ஜனவரியிலேயே கையெழுத்திட்டும், அது நாட்டின் அரசியல் சட்டத்துக்கு முரணல்ல என்று ஐரோப்பிய அவையின் சட்ட ஆலோசனைக் குழுவான வெனிஸ் ஆணையம் 2019இல் கருத்துச் சொல்லியும், திருச்சபை உட்படப் பலரின் எதிர்ப்பால் நாடாளுமன்ற ஒப்புதல் நின்றுபோயிருக்கிறது. இங்கே விருந்துகளில் பெண்களுக்காக வாழ்த்துச் சொல்லிக் குடிக்கும்போது ஆண்கள் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அந்த மரியாதை பொய்யில்லை, நான் பார்த்திருக்கிறேன். அதே மேசையில் பக்கத்து வீட்டில் கேட்கும் அலறலைப் பற்றிப் பேச்சு வந்தால், அது அவர்கள் குடும்ப விஷயம் என்று கோப்பையை வைத்துவிடுகிறார்கள்.

பெண் சமத்துவம் ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று இங்கே அடிக்கடி சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் நம் சென்னை எனக்கு நினைவுக்கு வருகிறது. பாரிமுனைக்குப் புத்தகம் வாங்கப் போய், மழைக்கு அரண்மனைக்காரன் தெருவில் அந்தப் பழைய ஆர்மீனியத் தேவாலயத்துக்குள் ஒதுங்கினோமே, நினைவிருக்கிறதா? 1772இல் கட்டியது. அந்தக் காலத்துச் சென்னையில் வணிகம் செய்த ஷகமிர் ஷகமிரியன், தனக்கென்று அரசே இல்லாத தன் இனத்துக்காக 521 பிரிவுகள் கொண்ட ஓர் அரசியல் சட்ட வரைவை நம் ஊரிலேயே அச்சிட்டார். ஆணோ பெண்ணோ, எல்லோரும் சமமாகவும் தம் செயல்களில் சுதந்திரமாகவும் வாழ வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. பிறகு 1919இல், ஆர்மீனியாவின் முதல் குடியரசின் எண்பது பேர் கொண்ட நாடாளுமன்றத்துக்கு மூன்று பெண்களைத் தேர்ந்தெடுத்தவர்களும் இவர்கள்தாம். இதைவிட ஆர்மீனியப் பழமை வேறு என்ன வேண்டும்?

உன் மகளை அனுப்பு, வசந்தி. தயங்காதே. அவள் வகுப்புத் தோழிகளோடு சர்யான் தெருவுக்குப் போவாள், போகட்டும். நம் நாட்டிலிருந்து படிக்க வந்திருக்கும் சில மூத்த மாணவர்கள் இங்கே முற்றத்து அண்ணன்களின் வேலையைத் தாங்களாகவே எடுத்துக்கொள்கிறார்கள். 'நம் பெண்கள்' எத்தனை மணிக்கு விடுதி திரும்பினார்கள் என்று ஊருக்குச் செய்தி அனுப்புகிறார்கள். அப்படி ஒரு செய்தி உன் மைத்துனருக்கு நிச்சயம் ஒரு நாள் வரும். அன்று நீ என்ன செய்யப் போகிறாய் என்பதுதான் என் கவலை. இரவில் வெளியே போன இடத்தில் ஒருவன் அவளிடம் தவறாக நடந்தால், நீ ஏன் அந்த நேரத்தில் அங்கே போனாய் என்ற கேள்விக்குப் பயந்து அவள் உன்னிடம் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது. கல்பனாவை நினைத்துக்கொள். ஆறரை மணிக்கு விடுதிக் கதவைப் பூட்டிய அந்த நாட்களில், நாம் அடுத்த கட்டிலில் இருந்தோம், நம்மிடம்கூட அவள் சொல்லவில்லை. அவளுக்கு நடந்தது பட்டப்பகலில், உறவினர் வீட்டில். உன் மகள் புறப்படுவதற்கு முன் அவளிடம் கல்பனாவின் கதையைச் சொல். எந்த நேரத்தில், எந்த இடத்திலிருந்து கூப்பிட்டாலும் முதல் கேள்வி நீ எங்கே இருக்கிறாய் என்பதாகத்தான் இருக்கும், ஏன் அங்கே போனாய் என்று கேட்கமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடு. மைத்துனர் முன்னிலையிலேயே கொடு.

மற்றபடி கனத்த கோட்டை அங்கே வாங்காதே, இங்கே மலிவாகவும் நல்லதாகவும் கிடைக்கும். புளியும் ரசப்பொடியும் தாராளமாகக் கொடுத்தனுப்பு. விமான விவரம் தெரிந்ததும் எழுது. ஸ்வார்த்னோத்ஸ் விமான நிலையத்துக்கு நானே வந்து அழைத்துக்கொள்கிறேன், முதல் வாரம் அவள் எங்கள் வீட்டில் இருக்கட்டும். பாட்டியிடம் சொல்லிவிட்டேன். ஒரு பெண் பிள்ளை வருகிறாள் என்றதும் இப்போதே எந்தக் கட்டில், எந்தப் போர்வை என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

அன்புடன்,
ராஜி