வெங்காலூர்ச் சுவர்களைத் தேடி: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சங்கத்தின் வழக்கமான வேலைகள் இந்த ஆண்டும் குறைவில்லாமல் நடந்தன. பொங்கல் விழா, பிள்ளைகளுக்கான ஞாயிறு தமிழ் வகுப்பு, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குப் பரிசளிப்பு, கண் பரிசோதனை முகாம் எல்லாவற்றுக்கும் நீங்களே சாட்சி. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அதனால் இந்த ஆண்டு புதிதாகத் தொடங்கிய, பெங்களூரின் பழைய இடங்களைக் கூட்டமாகப் போய்ப் பார்க்கும் ஊர் நடையைப் பற்றியே நான் அதிகம் சொல்லப் போகிறேன்.

போன பொதுக்குழுவில் ஒரு அம்மா எழுந்து கேட்டது பலருக்கு நினைவிருக்கும். "ஊரிலிருந்து சொந்தக்காரங்க வந்தா லால்பாக், விதான சௌதா, அப்புறம் ஒரு மால். இவ்வளவுதானா நம்ம பெங்களூரு?" என்றார். அல்சூரில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம் அவருடையது. அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் ஏழு ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழு நடைகள் போனோம். காலை ஆறரைக்கு அல்சூர் ஏரிக்கரை வள்ளுவர் சிலையடியில் கூடுவது, அங்கிருந்து பஸ்ஸிலோ மெட்ரோவிலோ கிளம்புவது, பத்து மணிக்குள் ஒரு தர்ஷினியில் இட்லி வடையோடு முடிப்பது என்று வைத்துக்கொண்டோம். கூடும் இடத்தை யோசித்தே தேர்ந்தெடுத்தோம். மொழிப் பிரச்சினையால் பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்த சிலை அது. 2009 ஆகஸ்ட் 9 அன்று திறந்தார்கள். அதே வாரம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வஜ்ஞரின் சிலை திறக்கப்பட்டது. அன்று ஏரிக்கரையில் கூட்டத்தில் நின்றவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம்.

முதல் நடை தொம்மலூர் சொக்கநாதசாமி கோயிலுக்கு. பெயரைக் கேட்டதும் மதுரை நினைவில் சிவன் கோயில் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உள்ளே இருப்பவர் பெருமாள். கல்வெட்டுகளில் அவர் சொக்கப் பெருமாள். தொம்மலூருக்குக் கல்வெட்டில் தொம்பலூர், தேசிமாணிக்கப்பட்டணம் என்று இரண்டு பெயர்கள். இராசேந்திரசோழ வளநாட்டின் இலைப்பாக்க நாட்டில் உள்ள ஊர் என்று விலாசமும் உண்டு. இலைப்பாக்க நாடு என்பது இன்றைய எலகங்கா. 1270ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, அழகியார் என்பவர் வாசலுக்கு இரண்டு நிலைக்கால் கொடுத்ததைச் சொல்கிறது. ஊரையோ ஏரியையோ எழுதிவைத்தவர்கள் நடுவில், இரண்டு நிலைக்கால் கொடுத்த மனிதரின் பெயரும் எழுநூறு ஆண்டுகளைத் தாண்டி நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அந்த இடத்தில் எங்கள் கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டது.

இங்கே ஒரு தவறையும் பதிவு செய்ய வேண்டும். அன்று அறுபது பேருக்கு மேல் வந்துவிட்டோம். அபிஷேக நேரம். வாசலை அடைத்துக்கொண்டு நின்றதில், கும்பிட வந்தவர்கள் உள்ளே போக முடியவில்லை. அர்ச்சகர் கோபப்பட்டார், அது நியாயமான கோபம். செயலாளர் என்ற முறையில் நான் முன்கூட்டியே போய்ப் பேசியிருக்க வேண்டும். மறுநாள் தலைவரும் நானும் போய் மன்னிப்புக் கேட்டோம். அப்புறம் ஒரு நடைக்கு இருபத்தைந்து பேர், பூசை நேரம் தவிர்த்து என்று விதி செய்துகொண்டோம்.

கன்னட நாட்டில் எப்படித் தமிழ்க் கல்வெட்டு என்று பிள்ளைகள் எல்லா நடையிலும் கேட்டார்கள். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர்கள் கங்கர்களை வென்று இந்தப் பகுதியை ஆண்டார்கள். நூறு ஆண்டுகளுக்குச் சற்று மேல் கழிந்ததும், போசள (ஹொய்சள) மன்னன் விஷ்ணுவர்த்தனன் தலைக்காட்டில் அவர்களைத் தோற்கடித்தான். சோழர் போன பிறகும் தமிழ்க் கல்வெட்டு நிற்கவில்லை. 13ஆம் நூற்றாண்டின் நடுவில் போசள நாடு இரண்டாகப் பிரிந்தபோது, திருவரங்கத்துக்குப் பக்கத்தில் கண்ணனூரைத் தலைநகராகக் கொண்ட தமிழ்ப் பகுதி வீரராமநாதனுக்கு வந்தது. பாண்டியரிடம் கண்ணனூரை இழந்த பிறகு அவன் ஓசூருக்குப் பக்கத்துக் குந்தாணிக்கு இடம் மாறினான். தொம்மலூர்க் கல்வெட்டுகளில் அவன் பெயர் வருகிறது. ஆக, கன்னட அரச குடும்பம் ஒன்று தன் கொடைகளைத் தமிழில் வெட்டிவைத்த சுவர்கள் இவை. மொழிச் சண்டைக்கு யாராவது இந்தக் கற்களை எடுத்துக்கொண்டு வந்தால், இந்தக் கதையை முழுசாகச் சொல்லுங்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டோம்.

நான்கு நடைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சித்திரைப் பௌர்ணமியை ஒட்டித் திகளர்பேட்டைத் தர்மராய சாமி கோயிலுக்குப் போனோம். பெங்களூருக் கரக ஊர்வலம் அங்கிருந்துதான் கிளம்புகிறது, போகிற வழியில் மஸ்தான் சாகிப் தர்காவிலும் நிற்கிறது. சிவாஜிநகர் புனித மரியன்னை ஆலயத்துக்குச் செப்டம்பர் 8 திருவிழாவுக்கு முந்தைய வாரம் போனோம். செஞ்சிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தமிழர்கள் கட்டிய கீற்றுக்கொட்டகைதான் அந்த ஆலயத்தின் தொடக்கம். மல்லேசுவரம் காடு மல்லேசுவரர் கோயிலில் 1669ஆம் ஆண்டு ஏகோஜி கொடுத்த கொடையைப் பற்றிப் பேசினோம். சிவாஜியின் தம்பியான அதே ஏகோஜிதான் சில ஆண்டுகள் கழித்துத் தஞ்சாவூரில் மராட்டிய அரசை நிறுவியவர். கப்பன் பூங்காவில் உயர்நீதிமன்றமாக இருக்கும் சிவப்புக் கட்டடத்தின் முன்னால் நின்று, 1868இல் அதைக் கட்டி முடித்த ஒப்பந்தக்காரர் ஆற்காடு நாராயணசாமி முதலியாரை நினைவுகூர்ந்தோம். 1873இல் அவர் தொடங்கிய இலவசப் பள்ளியின் வழிவந்த பள்ளிகளில் படித்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள்.

காடுகோடி நடைக்கு மெட்ரோவில் போனோம். அல்சூரில் ஏறி ஊதா வழியில் கிழக்கே கடைசி வரை. இறங்க இரண்டு மூன்று நிலையம் இருக்கும்போது "பட்டந்தூர் அக்ரஹாரா" என்று அறிவிப்பு வந்தது. காடுகோடித் தமிழ்க் கல்வெட்டு 1043ஆம் ஆண்டு, முதலாம் இராசேந்திரன் காலத்தது. பெர்மாடிக் கவுண்டன் மகன் இராசராச வேளான், பட்டந்தூரில் பெரிய ஏரி கட்டி, மதகு வைத்து, பிள்ளையாரையும் துர்க்கையையும் க்ஷேத்திரபாலரையும் எழுந்தருளச் செய்ததாக அது சொல்கிறது. அதைப் படியெடுத்த தாள் அப்போது என் கையில் இருந்தது. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு ஏறி இறங்கும் பிள்ளைகளுக்கு நடுவே, ஒலிபெருக்கி அந்த ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

பேகூர், மடிவாளா இரண்டையும் ஒரே நடையாகப் போனோம். என் மனதில் நிற்பது இதுதான். பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள பழங்கன்னடக் கல்வெட்டு ஏறக்குறைய 890ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் "பெங்களூரு" என்ற பெயர் வருகிறது, அங்கே நடந்த ஒரு போரைக் குறித்து. ஓய்வுபெற்ற கன்னட ஆசிரியர் ஒருவர், நம் உறுப்பினரின் பக்கத்து வீட்டுக்காரர், எங்களோடு வந்து வரி வரியாகப் படித்துக் காட்டினார். போசள மன்னன் வீரபல்லாளனுக்குக் கிழவி வெந்த பயறு, கன்னடத்தில் பெந்த காளு, கொடுத்ததால் வந்த பெயர் என்ற கதையை எல்லாரும் கேட்டிருக்கிறோம். அந்த மன்னன் 12ஆம் நூற்றாண்டில் வந்தவன். பெயர் அவனுக்கு முன்னூறு ஆண்டு மூத்தது.

மடிவாளா சோமேசுவரர் கோயில் ஓசூர் சாலைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பஸ்ஸில் எத்தனை முறை அந்த வழியாகப் போயிருப்போம்! வெளிச்சுவரைச் சுற்றித் தமிழும் கிரந்தமுமாக எழுத்து. 1247ஆம் ஆண்டுக் கல்வெட்டில், வேப்பூரைச் சேர்ந்த ஒருவர் வெங்காலூர்ப் பெரிய ஏரிக்குக் கீழே உள்ள நிலத்தைக் கோயிலுக்குக் கொடுக்கிறார். இன்னொன்றில் தாமரைக்கரை வருகிறது, அதுதான் இன்றைய தாவரேகெரே. வேப்பூர்தான் சற்று முன் நாங்கள் பார்த்துவிட்டு வந்த பேகூர். ஆசிரியர் உடனே பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு விளையாட்டு வைத்தார். "நீங்கள் வா என்றால் நாங்கள் பா என்போம். வாழைக்கு பாளெ, வாய்க்கு பாயி. வேம்புக்கு?" பேவு என்று கத்தினார்கள். "அப்படியானால் வேப்பூர் பேகூர், வெங்காலூர் பெங்களூரு. சரிதானே?" அத்தனை பிள்ளைகளும் இரண்டு மொழியும் பேசுகிறவர்கள். இப்படி ஒன்று இருப்பது அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அன்று வந்தவர்களில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் இருந்தாள். வீட்டில் தமிழ் பேசுவாள், பள்ளியில் தமிழ் கிடையாது, ஞாயிறு வகுப்பில் ஆறு மாதம். மங்கலாக இருந்த இடத்தில் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும், படிக்க வரும் என்று சொல்லிக்கொடுத்திருந்தோம். கல்லின் மேல் விரல் படாமல், அரை அங்குலம் தள்ளி விரலை நகர்த்திக்கொண்டே போனாள். ப கிடைத்தது. ட கிடைத்தது. ம கிடைத்தது. அப்புறம் நின்று, "அங்கிள், புள்ளியே இல்லையே?" என்றாள். கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள், குறில் நெடிலும் நாம்தான் பார்த்துப் படிக்க வேண்டும் என்று சொன்னேன். "அப்போ இவங்களுக்கும் ஸ்பெல்லிங் மிஸ்டேக் வரும்" என்று சந்தோஷப்பட்டாள். அடுத்த வாரத்திலிருந்து வகுப்புக்கு அவளோடு இரண்டு தோழிகளும் வருகிறார்கள்.

மனம் நொந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நடைக்காக முன்னோட்டம் பார்க்கப் போன ஒரு கோயிலில், பெயர் வேண்டாம், அடித்தளத்தில் குமுதம் என்கிற கல் வரிசையில் இருந்த எழுத்தின் மேல் திருப்பணியின்போது பெயின்ட் அடித்துவிட்டார்கள். பளபளவென்று காவி நிறம். பக்கத்தில் தரைக்கு டைல்ஸ் ஒட்ட, எழுத்துள்ள ஒரு கல் பாதி புதைந்து நின்றது. பக்தியோடுதான் செய்திருக்கிறார்கள், சந்தேகமில்லை. சந்திரனும் சூரியனும் உள்ளவரை நிலைக்கட்டும் என்று வெட்டிவைத்த வரி, ஒரு டின் பெயின்டில் மறைந்துபோனது. பெங்களூருக் கல்வெட்டுகளை மிதிக் சொசைட்டி என்ற வரலாற்று ஆய்வு அமைப்பு முப்பரிமாண ஸ்கேனில் பதிந்துவருகிறது. அந்த வேலை நடக்கும் வேகத்தைவிடத் திருப்பணி நடக்கும் வேகம் அதிகம். எனவே நம் பகுதியில் எங்கே கோயில் வேலை தொடங்கினாலும் உறுப்பினர்கள் உடனே சங்கத்துக்குச் சொல்லுங்கள். வேலை தொடங்கும் முன்னால் போய்ப் பணிவாகப் பேசலாம், போட்டோ எடுத்து வைக்கலாம். தொம்மலூரில் நாம் கற்றுக்கொண்டதும் அதுதான்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு இரண்டு கோரிக்கைகளை அவை முன் வைக்கிறது. ஞாயிறு வகுப்பில் கடைசி அரை மணி நேரத்தைக் கல்வெட்டு எழுத்துக்கு ஒதுக்க வேண்டும். நடைத் துண்டறிக்கையைத் தமிழிலும் கன்னடத்திலும் அச்சிட ஒப்புதல் வேண்டும். கன்னடப் பகுதியைப் பார்த்துத் தர அந்த ஆசிரியர் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த நடை மறுபடியும் மடிவாளாவுக்குத்தான், பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு. இருபத்தைந்து இடங்களில் பதினொன்றைப் பிள்ளைகள் ஏற்கெனவே எழுதிக்கொடுத்துவிட்டார்கள். வருகிறவர்கள் பெயரை இன்றே பதிவேட்டில் எழுதுங்கள். டார்ச் கொண்டுவாருங்கள். சுவரில் தேய்க்கச் சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்