செப்டம்பர் வெயிலும் ரவைப் பனியும்

பீட்டர்மாரிட்ஸ்பர்க், தென்னாப்பிரிக்கா
புரட்டாசி முதல் வாரம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். புரட்டாசி பிறந்துவிட்டது, கறிச்சட்டிகளைத் தேய்த்துக் கழுவி மேலே ஏற்றியாயிற்று. அதனால் உன் பட்டியலில் இருக்கும் பில்டாங் உப்புக்கண்டத்தை முதலில் அடித்துவிடு. அதற்குப் பதில் என்ன என்று பின்னால் எழுதுகிறேன்.

செப்டம்பர் 24 ஹெரிட்டேஜ் டே விடுமுறையை ஒட்டி, சானி கணவாயின் உச்சியிலிருந்து லெசோத்தோவின் தபானா ந்த்லென்யானா சிகரம் வரை ஸ்கீயில் (பனிச்சறுக்குக் கட்டையில்) ஏறி இறங்கலாமா, அப்போது பனி எத்தனை அடி இருக்கும் என்று கேட்டிருக்கிறாய். அடிக்கணக்கு இருக்கட்டும். முதலில் வெயில் கணக்கைப் பார்.

நீ வைத்திருக்கும் கையேடுகள் ஆல்ப்ஸ் மலைக்காக எழுதியவை. அவற்றில் தெற்குச் சரிவு என்று வருவதையெல்லாம் வடக்குச் சரிவு என்று திருத்திப் படிக்க வேண்டும் என்பது உனக்கே தெரியும். இங்கே சூரியன் கிழக்கில் எழுந்து வடக்கு வழியாக மேற்கே போகிறது; பனி தங்குவது தெற்குப் பார்த்த பள்ளங்களில். ஆனால் இந்தத் திருத்தம் மட்டும் போதாது. சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதையும் சேர்த்துத் திருத்த வேண்டும். ஆல்ப்ஸ் இருப்பது வடக்கே 46 பாகையில். நம் டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடரின் இந்தப் பகுதி தெற்கே 29½ பாகையில். ஜூன் 21 நண்பகலில் இங்கே சூரியன் அடிவானத்துக்கு மேல் 37 பாகை. ஆல்ப்ஸில் மார்ச் தொடக்கத்திலேயே அந்த உயரம் வந்துவிடும். செப்டம்பர் 23 நண்பகலில் இங்கே 60 பாகை. ஆல்ப்ஸ்காரன் அதைப் பார்க்க மே முதல் வாரம் ஆக வேண்டும். நம் நடுக்குளிர்காலம் அவர்களுடைய பருவக் கடைசி மாதிரி என்றால், நம் பருவக் கடைசி அவர்களுக்குக் கோடை வாசல்.

நிழல் சரிவு என்று நம்பிப் போகும் இடத்தில் இது என்ன செய்கிறது பார். தெற்குப் பார்த்து 30 பாகை சாய்ந்த ஒரு சரிவு. ஜூன் நண்பகலில் வெயில் அதன்மேல் 7 பாகையில் உரசிக்கொண்டு போகும். செப்டம்பர் கடைசியில் அதே சரிவில் 30 பாகையில் விழும். அதே பரப்பில் இறங்கும் வெயில் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஜூலையில் நாள் முழுக்க உலர்ந்து கிடந்த அதே பள்ளம் இப்போது நண்பகலில் கூழாகிவிடும். “6 மணிக்குக் கிளம்பு, 11 மணிக்குள் இறங்கு” என்ற ஏப்ரல் மாத ஆல்ப்ஸ் வாய்பாடு உனக்கு உதவாது. சம இரவு நாளை ஒட்டி மேலே சூரியன் எழுவது 6 மணிக்குச் சற்று முன்னால். செங்குத்தான சரிவில் உனக்கு வேலை ஒன்பதரைக்குள் முடிந்திருக்க வேண்டும்.

இரவில் உறைந்ததா என்பது அடுத்த கேள்வி. பலர் காற்றின் வெப்பநிலையை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். வானம் தெளிவாகவும் காற்று வறண்டும் இருந்தால், காற்று 2, 3 டிகிரியில் இருக்கும்போதே பனியின் மேற்பரப்பு தன் சூட்டை வானத்துக்கு இழந்து உறைந்துவிடும். மேகம் மூடியிருந்தால் போர்வை போர்த்திய மாதிரி. காற்று பூஜ்யத்தை ஒட்டி இருந்தாலும் உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். ஆகவே அதிகாலை மூன்று மணிக்கு எழுந்ததும் வெப்பமானியைப் பார்க்காதே, நட்சத்திரம் தெரிகிறதா என்று பார். பிறகு பூட்ஸோடு பனியில் ஏறி நில். மேலே உறைந்த தோடு தாங்குகிறது, கைத்தடியின் வட்டு இறங்கவில்லை என்றால் புறப்படு. கணுக்கால் வரை இறங்கினால் திரும்பிப் போய்ப் படு. அன்றைக்கு விடிந்த பிறகு நிலைமை கெடுமே தவிர சரியாகாது.

நல்ல இரவு அமைந்துவிட்டால் காலையில் பனி மூன்று நிலைகளைக் கடக்கும். முதலில் கண்ணாடி: ஸ்கீயின் விளிம்பு பிடிக்காது, விழுந்தால் 35 பாகைச் சரிவில் நிற்கவே நிற்காது, முதல் ஓரிரு நொடிக்குள் பனிக்கோடரியால் நிறுத்தாவிட்டால் அவ்வளவுதான். பிறகு மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் இளகி, அடியில் உறுதியாக இருக்கும். ஆங்கிலத்தில் இதைக் கார்ன் என்கிறார்கள். கையில் அள்ளினால் நம் கோதுமை ரவைதான். இந்த ரவைப் பனிக்காகத்தான் கடைசிப் பருவத்தில் மலையேறுகிறோம். அதன் பிறகு கூழ். மேலிருந்து சின்னச் சின்னப் பனி உருண்டைகள் தானாக உருள ஆரம்பித்தாலோ, ஸ்கீயோடு நிற்கும்போதே பூட்ஸ் மூழ்கினாலோ, அந்தச் சரிவில் உன் நேரம் முடிந்துவிட்டது. நடுவில் அப்பளப் பனி என்று ஒரு தொல்லையும் உண்டு: மெல்லிய தோடு, மிதித்தால் நொறுங்கி உள்ளே இழுக்கும், முழங்கால் தசைநார் போகும். அது பெரும்பாலும் அரைகுறையாக உறைந்த இரவின் மிச்சம்.

கிழக்குச் சரிவு முதலில் ரவையாகும், பிறகு வடக்கு, பிறகு மேற்கு, தெற்கு கடைசி. கிழக்கே ஏழரை, எட்டு மணிக்குப் பதம் வரும் என்று வைத்துக்கொண்டு, அங்கே போய் அரைமணி காத்திரு. முந்திப் போனால் காத்திருக்கலாம். பிந்திப் போனால் இறங்க வழியில்லை.

இப்போது உன் பாதை. சானி உச்சி 2,876 மீட்டர், தபானா ந்த்லென்யானா 3,482. நேர்க் கணக்கில் 606 மீட்டர்தான். ஆனால் மேட்டுநிலம் ஏறி இறங்கிப் போவதால் மொத்த ஏற்றம் 800 என்றும், ஒரு வழித் தூரம் 12 கிலோமீட்டர் என்றும் வை. நேரத்தைக் கணக்கிட முண்டர் முறை எளிது: கிலோமீட்டரோடு ஏற்றத்தின் ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஒன்று கூட்டி, ஏறும்போது 4ஆல் வகு. 12ம் 8ம் 20. ஐந்து மணி நேரம். ஸ்கீயில் நல்ல இறக்கம் என்றால் 10ஆல் வகுப்பார்கள். இங்கே பாதித் தூரம் தட்டை என்பதால் 6ஆல் வகு. மூன்று மணி இருபது நிமிடம். மூன்று மணிக்குக் கிளம்பினால் எட்டுக்கு உச்சி. திரும்பி வரும் மூன்று மணி நேரமும் கூழில்தான். சரிவு குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு. ஆனால் ஓடைகளின் மேல் பாலம் கட்டியிருக்கும் பனி அப்போது இளகியிருக்கும். ஸ்கீயைக் கழற்றிவிட்டு அவற்றைத் தாண்டாதே. எடை பரவியிருந்தால்தான் தாங்கும்.

என்னைக் கேட்டால் அந்தப் பெரிய பெயரை விட்டுவிடு. ஹாட்ஜ்சன் சிகரங்களில் தெற்கே உள்ளது 3,256 மீட்டர். சானியிலிருந்து 5 கிலோமீட்டர் அளவில், 400 மீட்டர் ஏற்றம். அதே கணக்கில் இரண்டே கால் மணி. ஐந்தரைக்குக் கிளம்பினாலும் ரவைக்குக் காத்திருக்க நேரம் மிஞ்சும். அங்கே ஒரே ஒரு எச்சரிக்கை: விளிம்பு. மேற்குக் காற்று மேட்டுநிலப் பனியை அடித்துக்கொண்டு வந்து கிழக்கு விளிம்பில் தாழ்வாரம் மாதிரி நீட்டிவிடும். மேலே நின்று பார்த்தால் நிலம் தொடர்வது போலத்தான் இருக்கும். அடியில் பல நூறு மீட்டர் வெற்றிடம். தாழ்வாரம் உடையும்போது நுனியில் உடையாது, உள்ளே தள்ளி உடையும். பத்து மீட்டருக்குக் குறையாமல் விலகி நில், படம் எடுக்கும்போதும்.

வரைபடத்தில் சாய்வைப் பார்க்க ஒரு குறுக்கு வழி. நம் 1:50,000 வரைபடத்தில் உயரக்கோடு 20 மீட்டருக்கு ஒன்று, ஐந்தாவது கோடு தடிப்பாக இருக்கும். தடித்த கோட்டிலிருந்து அடுத்த தடித்த கோட்டுக்கு மூன்றரை மில்லிமீட்டர் என்றால் 30 பாகை. அதைவிட நெருங்கினால் பனி பெயர்ந்து சரியும் நிலம் என்று எடுத்துக்கொள். ஆல்ப்ஸில் காலையில் பனி சரியும் ஆபத்து பற்றிய அறிக்கையைப் படித்துவிட்டுக் கிளம்பும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடு; இங்கே சரிவை நீயே படிக்க வேண்டும்.

இனி அடிக்கணக்கு. நம் மலையில் மழைக்காலம் கோடை, குளிர்காலம் வறட்சி. பனி மாதக்கணக்கில் அடுக்கடுக்காகச் சேராது. ஒரு புயலில் வரும், சில நாளில் போகும். செப்டம்பரில் பனியே வராது என்பவர்களுக்கு 2024 செப்டம்பர் 20, 21 தேதிகளை நினைவுபடுத்து. வான் ரீனன் கணவாய்ப் பக்கம் என்3 நெடுஞ்சாலையே அடைபட்டுப் போயிற்று. உயரே ஓடும் காற்றோட்டத்திலிருந்து துண்டிக்கப்பட்ட குளிர்ந்த தாழ்வழுத்தம் ஒன்று நகராமல் நின்று, இந்தியப் பெருங்கடலின் ஈரத்தை இழுத்தால் இப்படி ஆகும். ஆகவே தேதியை முதலில் குறித்துவிட்டுப் பனியைத் தேடாதே. விடுப்பை இளக்கமாக வைத்துக்கொண்டு, புயல் போய் வானம் தெளிந்த இரண்டாம் மூன்றாம் நாளைப் பிடி. அடுத்த குளிர்காற்று முகப்பு வருவதற்கு முன்னால் உள்நாட்டிலிருந்து வீசும் பெர்க் காற்று வரும். இறங்க இறங்கச் சூடேறும் வறண்ட காற்று அது. கீழ்ச்சரிவுப் பனியை ஒரே நாளில் தின்றுவிடும்.

ஆழத்தைவிட அடியில் என்ன இருக்கிறது என்று பார். புல்லின்மேல் 30 சென்டிமீட்டர் இருந்தால் ஸ்கீ ஓடும். கருங்கல் பரப்பில் அதே 30 போதாது, அடித்தகடு கிழியும். புல்லுக்கு வேறு குணம் உண்டு: குளிர்காலத்தில் காய்ந்து கீழ்நோக்கிப் படுத்த நீளப் புல் கூரை வேய்ந்த மாதிரி இருக்கும். தரை சூடாக இருப்பதால் அடிப்பனி உருகி, அந்தப் புல்லின்மேல் நீர் ஓடி, முழுப் படலமும் அப்படியே வழுக்கும். சரிவில் வாய் பிளந்த மாதிரி வெடிப்பும், அதில் புல்லும் மண்ணும் தெரிந்தால் அதற்குக் கீழே போகாதே. உறைந்த காலையிலும் அது நகரும், ஏனென்றால் உருகுவது அடியில்.

சாமான் பற்றி. ஏறும்போது பின்னால் வழுக்காமல் இருக்க ஸ்கீயின் அடியில் ஒட்டும் மயிர்ப்பட்டைதான் இந்தப் பருவத்தில் அதிகம் தொல்லை தரும். வெயிலில் ஈரப் பனியில் நனைந்து, உடனே நிழலில் குளிர்ந்த பனியை மிதித்தால், இட்லி மாதிரிக் கட்டி கட்டியாக ஒட்டும். ஒரு காலுக்கு இரண்டு கிலோ கூடினது போல இருக்கும். தட்டித் தட்டி ஓயாதே. ஸ்கீயைக் கழற்றி, மற்ற ஸ்கீயின் விளிம்பால் மயிர் படிந்த திசையில் வழித்து, மெழுகைத் தேய். மெழுகை வீட்டிலேயே தேய்த்துக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது. பசை நனைந்து பிடிக்காமல் போனால் கட்ட, ஸ்கீக்கு இரண்டாக ரப்பர் வார் வை. ஓய்வெடுக்கும்போது பட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொள்.

நீ வாங்கியிருக்கும் பைண்டிங் (பூட்ஸை ஸ்கீயோடு பூட்டும் பிடி) முள் மாதிரிப் பின் வைத்த வகை என்றால், முன்பக்க இறக்கைக்கு அடியில் பனி இறுகியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார். அங்கே ஒரு விரற்கடைப் பனிக்கட்டி இருந்தாலும் பின் முழுதாகக் கடிக்காது. இறங்கும்போது நடுவழியில் கழன்றுகொள்ளும். தடி நுனியால் சுரண்டி, பூட்ஸின் குழியையும் குத்தி எடு. மாட்டியபின், பூட்டுவதற்கு முன் காலை நாலைந்து முறை முன்னும் பின்னும் ஆட்டு. ஒட்டியிருக்கும் ஐஸ் உதிரும். ஸ்கீக்கான கிராம்பானை (பனிக்கட்டியில் பதியும் பல்வைத்த தகட்டை) கண்ணாடிச் சரிவுக்குள் போன பிறகு மாட்ட முயலாதே. தட்டையான இடத்திலேயே மாட்டு. காலுக்குக் கிராம்பான், பனிக்கோடரி, புதைந்தவரைத் தேடும் சமிக்ஞைக் கருவி, துழாவுகோல், மண்வாரி எல்லாம் ஆளுக்கு ஒன்று. மூன்று பேருக்கு ஒரு மண்வாரி என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒருவனே புதைந்தால் என்ன செய்வாய்?

கறுப்புக் கண்ணாடி நாலாம் தரம், அதாவது மிகக் கறுப்பானதாக வாங்கு. புதுப் பனி வெயிலின் புற ஊதாவில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். மூக்கின் அடிப்பக்கம்கூட வெந்துவிடும். அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டாதே, இருட்டிவிடும்.

சாப்பாடு. 3,000 மீட்டரில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகும் என்று உட்கார்ந்தால் காஸ்தான் தீரும். ஊறினால் போதும் என்கிற சாமான் எடு: அவல், வறுத்த வேர்க்கடலை, வெல்லம், பேரீச்சை, முந்தின நாள் சுட்ட ரொட்டி. பனியை உருக்கும்போது அடியில் அரைக் கோப்பை தண்ணீர் இல்லாமல் வைக்காதே. பானை தீய்ந்து தண்ணீர் புகை நாறும். காஸ் குப்பியில் வெறும் பியூட்டேன் வேண்டாம், பூஜ்யத்துக்கு அருகே அது ஆவியாகாது. ஐசோபியூட்டேன், புரொப்பேன் கலந்தது வாங்கு.

முந்தின இரவே மேலே தங்கிவிட வேண்டும். எல்லைக் கதவு இரவில் மூடியிருக்கும். பாஸ்போர்ட் இல்லாமல் லெசோத்தோவுக்குள் விடமாட்டார்கள். உன் தம்பியின் பக்கி (பிக்கப் வண்டி) நாலு சக்கர இழுவை இல்லை என்றால் கீழே அண்டர்பர்க்கில் விட்டுவிட்டு வேறு வண்டி பிடி. உச்சிக்குக் கீழே உள்ள கொண்டை ஊசி வளைவுகளில் ஓடை நீர் வழிந்து இரவில் ஐஸாகும். பகல் ஒரு மணிக்குமேல் மேட்டுநிலத்தில் நிற்காதே. வசந்த இடி தொடங்கும் மாதம் இது, அங்கே உன்னைவிட உயரமானது எதுவும் இருக்காது.

விழும்போது எவ்வளவு விசையில் பூட்ஸை விடும் என்று காட்டும் பைண்டிங்கின் விடுபடும் எண்ணைக் கடைக்காரர் வைத்தபடியே விட்டிருப்பாய் என்று நினைக்கிறேன். உன் எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம் மில்லிமீட்டரில், இவை நான்கையும் எழுதி அனுப்பு. பூட்ஸ் நீளம் குதிகாலின் பக்கத்தில் பொறித்திருக்கும். எண்ணைக் கணக்கிட்டு அனுப்புகிறேன், மாற்றியபின் மேசைமேல் வைத்து இரண்டு முறை திருகிப் பார்.

அம்மாவிடம் விசாரித்ததாகச் சொல். சனிக்கிழமை விரதம் இருப்பவர்கள் மலைக்கும் வருவதாக இருந்தால் அவலை இன்னும் ஒரு கிலோ கூட்டிக்கொள்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்