ஹார்ட் டிஸ்க்கை மீட்டுத் தந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

டிவியோடு இணைத்திருக்கும் ஸ்ட்ரீமிங் பிளேயரில் எங்கள் ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் இப்போது திறக்கிறது. அப்பாவின் பழைய வீடியோ கேசட்டுகளிலிருந்து மாற்றி வைத்த பதிவுகள் அத்தனையும் வரிசையாக வந்து நிற்கின்றன. போனில் ஆளுக்கொரு "ரொம்ப தேங்க்ஸ்" சொல்லித் தீர்த்துவிடக்கூடிய உதவி இல்லை இது. அதோடு, உங்களில் ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் மேல்வீட்டு அண்ணனுக்கு. "யுஎஸ்பி சாதனம் எதுவும் இல்லை" என்று திரை கைவிரித்ததும், கேட்ட பேரெல்லாம் சொன்ன வைத்தியம் ஒன்றே: "ஃபார்மேட் பண்ணிடு", அதாவது உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டு டிஸ்க்கைப் புதிதாகத் தயார்செய். நீங்கள் மட்டும், அண்ணே, டிஸ்க் பக்கத்தில் காதைக் கொண்டுபோனீர்கள். உள்ளே தட்டு சுழல ஆரம்பிக்கும் சத்தம், ஒரு 'டிக்', பிறகு ஒன்றுமில்லை. திரும்பவும் சுழற்சி, திரும்பவும் 'டிக்'. விளக்கும் அதற்கேற்ப அணைந்து அணைந்து எரிந்தது. "இதுக்குக் கரண்ட் பத்தலப்பா" என்றீர்கள்.

பிறகு நீங்கள் விளக்கியது இன்னும் நினைவிருக்கிறது. யுஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு வரையறுத்த அளவு 500 மில்லி ஆம்பியர், 3.0 என்றால் 900. சுழலும் தட்டுள்ள டிஸ்க் கிளம்பும் அந்த ஓரிரு நொடியில் 500 போதாமல் போகலாம். எங்கள் பிளேயரோ, டிவியின் யுஎஸ்பி போர்ட்டிலிருந்தே மின்சாரம் வாங்கி ஓடிக்கொண்டிருந்தது. கடன் வாங்கிப் பிழைப்பவனிடம் கைமாற்று கேட்ட கதைதான். சின்ன பென் டிரைவில் ஒரே ஒரு பாட்டைப் போட்டுச் செருகினீர்கள், அது பாடியது. போர்ட்டில் கோளாறு இல்லை என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. பிளேயரை அதன் சொந்த அடாப்டருக்கு மாற்றி, டிஸ்க்குக்குத் தனி மின் இணைப்புள்ள உங்கள் ஹப்பையும் (ஒரு யுஎஸ்பி போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி) கொடுத்தீர்கள். விளக்கு நிலையாக எரிந்தது.

ஆனால் டிஸ்க்கைத் திறந்தால் உள்ளே காலி. வயிறு கலங்கிவிட்டது.

அடுத்த நன்றி, பிளேயர் நிறுவனத்தின் உதவி எண்ணில் பேசிய அம்மாவுக்கு. பெயர் கேட்கத் தோன்றவில்லை, மன்னியுங்கள். அட்டைப் பெட்டியில் "யுஎஸ்பி ஆதரவு உண்டு" என்று பெரிதாகப் போட்டவர்கள் எழுதாமல் விட்டதை நீங்கள் ஒரே வாக்கியத்தில் சொன்னீர்கள்: டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறைகளில் இந்த மாடல் ஃபேட்32, என்டிஎஃப்எஸ் இரண்டை மட்டும்தான் படிக்கும், எக்ஸ்ஃபேட் படிக்காது. இதைப் பெட்டியிலேயே அச்சடிக்க எவ்வளவு மை செலவாகும் என்று தெரியவில்லை!

அண்ணன் மகளே, உனக்குத்தான் பெரிய நன்றி. "சித்தப்பா, எதையும் அழுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு டிஸ்க்கை லேப்டாப்பில் மாட்டி, டிஸ்க்கின் பகுதிகளைக் காட்டும் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து காட்டினாயே, அப்போதுதான் விஷயம் புரிந்தது. அந்த டிஸ்க்கை முன்பு ஒரு மேக் கணினியில் ஃபார்மேட் செய்திருந்தோம். மேக், ஜிபிடி என்ற புதிய முறையில் டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும்போது டிஸ்க்கின் தலைப்பகுதியில் 200 எம்பிக்கு ஒரு மறைவான பகுதியை ஒதுக்கிவிடுகிறது. பிளேயர் முதலில் கண்ட அந்தக் குட்டிப் பகுதியை மட்டும் திறந்து "காலி" என்று சொல்லியிருக்கிறது. நம் வீடியோக்கள் இருந்ததோ அடுத்த பகுதியில், அதுவும் எக்ஸ்ஃபேட்டில். ஒன்றும் அழியவில்லை என்று நீ சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

ஃபேட்32 ஏன் வேண்டாம் என்றும் சொன்னாய். ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் அதில் ஏறாது. கேசட் பதிவுகளில் பாதிக்கு மேல் அதைவிடப் பெரியவை. ஆகவே என்டிஎஃப்எஸ். பிரிப்பு முறைக்குப் பழைய எம்பிஆரே போதும், 2 டெராபைட் வரை அது தாங்கும் என்றாய்.

எல்லாவற்றையும் வேறிடத்துக்கு மாற்றாமல் கைவைக்கக் கூடாது என்று நீ பிடிவாதம் பிடித்தபோது, கேட்ட மாத்திரத்தில் தன் காலி டிஸ்க்கை எடுத்து நீட்டிய அலுவலக நண்பருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். சார், உங்கள் டிஸ்க்கும் அதே ஒரு டெராபைட். அந்த மறைவான பகுதியைச் சாதாரணமாக அழிக்க முடியாததால் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டிஸ்க்பார்ட் என்ற கறுப்புத் திரைக்குப் போகவேண்டியிருந்தது. அங்கே பட்டியலில் எண், அளவு போன்றவை தெரியுமே தவிர டிஸ்க்கின் பெயர் தெரியாது, ஒரே அளவுள்ள இரண்டு டிஸ்க் இருந்தால் மாறிப்போகலாம். 'கிளீன்' என்று தட்டினால் தேர்ந்தெடுத்த டிஸ்க்கின் பகுதிப் பட்டியலே போய்விடும். நகல் எடுத்த வீடியோக்களில் சிலவற்றை ஓட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் டிஸ்க்கைக் கழற்றி மேசையின் மறுகோடியில் வைத்த பிறகே அந்தப் பெண் விசைப்பலகையைத் தொட்டாள். அவள் வயதில் அந்த நிதானம் எனக்கு இருந்ததில்லை.

சில படங்களில் காட்சி வருகிறது, ஒலி வரவில்லை. அது ஒலிவடிவச் சிக்கல், டிஸ்க்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்துகொண்டேன். அவசரமில்லை.

அண்ணே, உங்கள் ஹப்பை வரும் ஞாயிறு கொண்டுவந்து தருகிறேன். எனக்கென்று ஒன்று வாங்கியாகிவிட்டது. சார், உங்கள் டிஸ்க் மட்டும் இன்னும் சில நாள் என்னிடம் இருக்கட்டும், இரண்டாவது நகலுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். கண்ணு, நீ அடுத்த முறை வரும்போது ஒன்று பார்க்கவேண்டும்: தமிழில் பெயர் வைத்த கோப்புகள் மட்டும் பிளேயரில் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன.

என்றும் நன்றியுடன்,
உங்கள் சித்தப்பா, தம்பி, சக ஊழியன்